கேம்ப் அழைப்பு வந்திருக்கிறது, பணம் கட்டலாமா?

கேள்வி: நாங்கள் டெக்சஸில், டல்லாஸுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். எட்டு வயதிலிருந்து பேஸ்பால்தான் அவனுக்கு எல்லாம். பள்ளி அணியில் செகண்ட் பேஸ் ஆடுகிறான், கோடையில் ஊர் ஊராகப் போய் ஆடும் டிராவல் டீம். படிப்பிலும் கெட்டி. அக்டோபரிலிருந்து பதினோரு கல்லூரிகளிடமிருந்து கேம்ப் (கட்டணம் கட்டிப் போகும் பயிற்சி முகாம்) அழைப்பு மெயில் வந்திருக்கிறது. அதில் ஒன்று, விமானத்தில் மூன்று மணி நேர தூரத்தில் உள்ள, கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் 1-இல் ஆடும் பெரிய கல்லூரி. ‘உன் ஆட்டத்தை எங்கள் கோச்சுகள் கவனித்து வருகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஜனவரியில் கேம்ப். கட்டணம், விமானம், ஓட்டல் எல்லாம் சேர்த்தால் 1,500 டாலரைத் தாண்டுகிறது. பதிவு செய்ய இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. என் கணவர் இது வெறும் வியாபாரம் என்கிறார். மகனோ ராத்திரியில் அந்த மெயிலைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறான். போகாவிட்டால் வாய்ப்பு கைநழுவிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஜனவரி கேம்ப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். உங்களுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்காகக் கேம்ப் என்பதே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் மகன் போக வேண்டிய கேம்ப்புகள் உண்டு. எது, எப்போது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஹைஸ்கூலில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கல்லூரி தேட உதவுவதுதான் பத்து வருடத்துக்கும் மேலாக என் வேலை. அதற்கு முன் நான்கு வருடம் ஒரு டிவிஷன் 3 கல்லூரியில் பேஸ்பால் உதவி கோச்சாக இருந்தேன். அங்கே கேம்ப்புக்கு ஆள் சேர்ப்பதும் என் பொறுப்பு. ‘உன்னைக் கவனித்து வருகிறோம்’ என்ற அந்த வரியை நானே எழுதியிருக்கிறேன். ஒரே மெயில், இரண்டாயிரம் பையன்களுக்கு. பெயரை மட்டும் கம்ப்யூட்டர் மாற்றிப் போட்டுவிடும். போட்டிகளில் கலந்துகொண்ட அணிகளின் பட்டியல், பையன்கள் இணையத்தில் நிரப்பிய படிவங்கள், ஷோகேஸ் (கோச்சுகள் முன் திறமையைக் காட்டும் நிகழ்ச்சி) நடத்துபவர்களிடம் இருக்கும் கணக்குகள், இப்படிப் பல வழிகளில் முகவரிகள் வந்து சேரும். அந்த வரியைப் படித்துவிட்டு எத்தனை வீடுகளில் யார் யார் தூங்காமல் இருந்தார்கள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. இன்றைக்கு அதில் எனக்கு வருத்தம் உண்டு. உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கல்லூரி முத்திரையோடு ஒரு கடிதம் வந்தால் சாமி படத்துக்குக் கீழே வைத்து எடுத்துப் படிக்கிற வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். இந்த மெயிலுக்கு அந்த மரியாதை தேவையில்லை. அழைப்பின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், பாருங்கள்: வயது, வகுப்பு, பாலினம், மொத்த எண்ணிக்கை ஆகியவற்றைத் தவிர வேறு கட்டுப்பாடு இல்லை, யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று. கல்லூரி நடத்தும் கேம்ப் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதி. ஆக, பேர் ‘அழைப்பு’ என்றாலும் அழைக்கப்படாதவர் யாரும் இல்லை.

இன்னொரு விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். டிவிஷன் 1 பேஸ்பால் கோச்சுகள், ஒரு பையன் பதினோராம் வகுப்பு தொடங்குவதற்கு முன் வரும் ஆகஸ்ட் 1 வரை, அவனிடம் அணியில் சேர்ப்பது பற்றிப் பேசக் கூடாது. போன், மெயில், நேரில் எதுவும் கூடாது. கேம்ப்பில் பக்கத்திலேயே நின்றாலும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. அதற்கு முன் அவர்கள் அனுப்ப அனுமதி உள்ளவை கேம்ப் அறிவிப்பு, விவரப் படிவம் போன்ற சிலதான். பத்தாம் வகுப்புப் பையனுக்கு டிவிஷன் 1 கல்லூரியிலிருந்து கேம்ப் மெயில் வருவதற்கு இதுதான் காரணம். அவனை உண்மையிலேயே பிடித்திருந்தாலும் இதைத்தான் அனுப்புவார்கள், அவன் யாரென்றே தெரியாவிட்டாலும் இதைத்தான் அனுப்புவார்கள். மெயிலை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. 1,500 டாலர் செலவழித்து ஜனவரியில் போய் நின்றாலும், ‘நீ எங்களுக்கு வேண்டும்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. உங்கள் மகன் போன மாதிரியே திரும்பி வருவான்.

கேம்ப் நாளில் என்ன நடக்கிறது என்று உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். ஜனவரி மாதச் சனிக்கிழமை, காலை ஏழரை மணி. மடக்கு மேஜை போட்டுப் பதிவு நடக்கும். நூற்றுப் பத்து பையன்கள், ஒவ்வொருவன் முதுகிலும் ஓர் எண். அவர்கள் ஷூ கட்டிக்கொண்டிருக்கும்போதே தலைமைக் கோச் எங்கள் நால்வர் கையிலும் ஆளுக்கு ஓர் அட்டையைக் கொடுப்பார், கிளிப்பில் பெயர்ப் பட்டியலோடு. அதில் ஏழு பெயர்களைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருக்கும். ஒருவனும் அதுவரை பந்தைத் தொட்டிருக்க மாட்டான்.

அப்புறம் வழக்கம்போல் எல்லாம் நடக்கும். இரண்டிரண்டு பேராக 60 கெஜ ஓட்டம், தரைப் பந்து பிடித்து முதல் பேஸுக்கு வீசுவது, பேட்டிங், மதியத்துக்கு மேல் ஓர் ஆட்டம். சாயங்காலம் அட்டைகளை ஒன்றாக வைத்துப் பார்ப்போம். அந்த ஏழு பேரைப் பற்றித்தான் வரி வரியாக எழுதியிருப்போம்: காலை எப்படி நகர்த்துகிறான், பந்தைத் தவறவிட்டதும் முகம் எப்படி மாறுகிறது, தண்ணீர்ப் பாட்டிலை யாருக்கு முதலில் நீட்டுகிறான். மற்ற நூற்று மூன்று பேருக்கும் எண்கள் மட்டும் இருக்கும்: ஓட்டம் இத்தனை வினாடி, வீச்சு இத்தனை மைல். வட்டம் போடாத ஒரு பையன் எங்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது நான்கு வருடத்தில் இரண்டே முறை. இரண்டு பேருமே கேட்சர்கள்.

அந்த ஏழு பேருக்கு வட்டம் போட்டது எப்படி? சில பேரைக் கோடையில் நாங்களே ஆட்டத்தில் பார்த்திருந்தோம். சில பேர் வீடியோ அனுப்பி, இரண்டு மூன்று முறை எழுதி, எங்களிடமிருந்து உண்மையான பதில் வாங்கியிருந்தார்கள். ஒருவனைப் பற்றி அவனுடைய பள்ளிக் கோச் போன் பண்ணியிருந்தார். கேம்ப்பில் புதிதாக ஆள் கண்டுபிடிப்பது அபூர்வம். ஏற்கனவே தெரிந்த பையனைக் கிட்டத்தில் வைத்து உறுதி செய்துகொள்ளத்தான் பெரும்பாலும் அது உதவுகிறது. பெயருக்கு வட்டம் விழுந்த பிறகு போனால் அந்தப் பணம் வீண் போகாது. அதற்கு முன் போனால் நூற்றில் ஒருவன்.

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. கேம்ப் வருமானம் கோச்சுகளுக்கு முக்கியம். 2023 வரை டிவிஷன் 1 பேஸ்பால் அணிகளில் சம்பளமே இல்லாத ‘வாலன்டியர்’ கோச் என்று ஒருவர் இருந்தார். அவர்களில் பலருக்குக் கேம்ப் பணம்தான் வீட்டு வாடகை. அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டுச் சம்பளம் வாங்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள், ஆனால் கேம்ப்புகள் குறையவில்லை. இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல மைதானம், நல்ல பயிற்சி, ஒரு நாள் அனுபவம் கிடைக்கும். கார் ஓட்டிப் போகிற தூரத்தில், நூறு இருநூறு டாலரில், ‘இது அனுபவத்துக்கு’ என்று மகனிடம் சொல்லிக் கூட்டிப்போனால் ஒரு நஷ்டமும் இல்லை. தேர்வுக்கான கதவு என்று நினைத்துக் கொண்டு போவதுதான் தவறு.

இன்னொரு உண்மையும் இருக்கிறது, இதைச் சொல்வது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஹைஸ்கூலிலிருந்து நேராக டிவிஷன் 1 அணிக்குப் போவது இப்போது முன்பைவிடக் கடினம். 2025 ஜூலையிலிருந்து, ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது பற்றி என்சிஏஏ மேல் போட்ட பெரிய வழக்கின் (ஹவுஸ் வழக்கு) சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளில் பேஸ்பால் அணிக்கு 34 பேர்தான் என்று வரம்பு வந்துவிட்டது. நான்கு வகுப்புக்கும் பிரித்தால் வருடத்துக்கு எட்டு ஒன்பது இடம். அதில் பாதி பந்து வீசும் பிட்சர்களுக்குப் போய்விடும். மிச்சத்துக்கு வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் இருபது இருபத்தொரு வயது ஆட்கள் போட்டிக்கு நிற்கிறார்கள். டிரான்ஸ்ஃபர் விதிகளைத் தளர்த்திய பிறகு, வளர்ந்த, அனுபவமுள்ள ஆளை எடுப்பதுதான் கோச்சுக்கு லாபம். தொழில்முறை அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் மேஜர் லீக் டிராஃப்டையும் 40 சுற்றிலிருந்து 20 ஆகக் குறைத்துவிட்டார்கள். முன்பு தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கக்கூடிய பலர் இப்போது கல்லூரியிலேயே இருக்கிறார்கள். இதில் உங்கள் மகனின் குறை எதுவும் இல்லை, காலம் அப்படி.

இதை நீங்கள் வாயால் சொல்ல வேண்டாம். அவன் அப்பாவை ஒரு சாயங்காலம் அவனோடு உட்காரச் சொல்லுங்கள். அந்தக் கல்லூரியின் இணையதளத்தில் அணிப் பட்டியல் இருக்கும். செகண்ட் பேஸ், ஷார்ட்ஸ்டாப் ஆடுபவர்களை மட்டும் எடுத்து எண்ணட்டும். ஒவ்வொருவரும் எந்த வகுப்பு, என்ன உயரம், எந்த ஊர், இதற்கு முன் எங்கே ஆடினார் என்று பக்கத்திலேயே போட்டிருக்கும். முந்தைய கல்லூரி என்று இருக்கிற இடத்தில் எத்தனை பேருக்கு இன்னொரு கல்லூரியின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அரை மணி நேரத்தில் அவனுக்கே புரிந்துவிடும். அப்பா ‘வியாபாரம்’ என்று சொல்லி மூடிவிட்டால், ‘அப்பாவுக்கு என் மேல் நம்பிக்கை இல்லை’ என்றுதான் அவன் மனதில் நிற்கும். கூட உட்கார்ந்து எண்ணினால் அப்படி ஆகாது.

அடுத்தது, வசந்தத்தில் சீசன் தொடங்கியதும் இரண்டு மூன்று கல்லூரி ஆட்டங்களுக்கு அவனைக் கூட்டிப் போங்கள். உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. டல்லாஸ் பாப்டிஸ்ட், ஃபோர்ட் வொர்த்தில் டிசியூ (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்), ஆர்லிங்டனில் டெக்சஸ் பல்கலைக்கழகம் எல்லாம் டிவிஷன் 1. இர்விங்கில் இருக்கும் டல்லாஸ் பல்கலைக்கழகம் டிவிஷன் 3. ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே போய் முதல் பேஸ் பக்கம் உட்காருங்கள். பேஸ்களை ஒட்டி நின்று பந்து பிடிக்கும் இன்ஃபீல்டர்கள் பயிற்சி எடுப்பதைப் பாருங்கள். பந்து கையுறைக்குள் போய் வெளியே வரும் வேகம், இரண்டாவது பேஸில் திரும்பி வீசும் விதம், இதையெல்லாம் வீடியோவில் பார்ப்பது வேறு, இருபது அடியில் பார்ப்பது வேறு. எந்த அணியைப் பார்க்கும்போது ‘இதில் நான் ஆட முடியும்’ என்று அவனுக்குத் தோன்றுகிறதோ, அந்த மட்டத்துக் கல்லூரிகளைத்தான் குறிவைக்க வேண்டும். அதோடு டிராவல் டீம் கோச்சிடம் தனியாகப் போய், ‘மனதில் பட்டதைச் சொல்லுங்கள், வருத்தப்பட மாட்டேன்’ என்று உங்கள் மகனே கேட்கட்டும்.

ஸ்காலர்ஷிப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நம் குடும்பங்களில் கேம்ப்புக்குச் செலவு செய்யும்போது அடிமனதில் அந்தக் கணக்குதான் ஓடும், அதனால் சொல்கிறேன். 2025 வரை ஒரு டிவிஷன் 1 பேஸ்பால் அணி முழுவதற்கும் 11.7 ஸ்காலர்ஷிப்தான். அதை இருபத்தைந்து, முப்பது பேருக்குத் துண்டு போட்டுக் கொடுப்பார்கள். முழு ஸ்காலர்ஷிப்பில் பேஸ்பால் ஆடியவர்கள் மிகக் குறைவு. இப்போது அந்தச் சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டாலும் அவை எல்லாமே 34 பேருக்கும் பணம் ஒதுக்குவதில்லை. டிவிஷன் 3-இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது.

ஆனால் படிப்பில் கெட்டி என்று எழுதினீர்களே, எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். டிவிஷன் 3 என்றதும் மூன்றாந்தரம் என்று நினைக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். எம்ஐடி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், எமரி, சிகாகோ பல்கலைக்கழகம் எல்லாமே டிவிஷன் 3-இல்தான் பேஸ்பால் ஆடுகின்றன. உங்கள் மாநிலத்திலேயே, சான் அன்டோனியோவில் உள்ள டிரினிட்டி பல்கலைக்கழகம் 2016-இல் டிவிஷன் 3 தேசிய சாம்பியன். இந்த மாதிரிக் கல்லூரிகளில் கோச்சுக்கு ஒரு பையனைப் பிடித்துவிட்டால், அவன் மதிப்பெண் பட்டியலை முன்கூட்டியே அட்மிஷன் அலுவலகத்திடம் காட்டி, தேறுவானா என்று கேட்பார். பல கல்லூரிகளில் அவனுக்காக அவர் சொல்லும் வார்த்தைக்கு எடை உண்டு. உதவித்தொகை படிப்புக்காகவும் குடும்ப வருமானத்தைப் பார்த்தும் கிடைக்கும், சில வீடுகளுக்கு விளையாட்டுத் துண்டுப் பணத்தைவிட அது அதிகமாகவே வருகிறது. டிவிஷன் 3 கோச்சுகளுக்கு அந்த ஆகஸ்ட் 1 தடையும் இல்லை, இப்போதே பதில் எழுதலாம். டிவிஷன் 2 கோச்சுகள் பதினோராம் வகுப்புக்கு முந்தைய ஜூன் 15-இலிருந்து பேசலாம்.

இரண்டு வருடப் படிப்புள்ள ஜூனியர் காலேஜையும் ஒதுக்காதீர்கள். நம்மவர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்கும், எனக்குத் தெரியும். மேஜர் லீக்கில் புகழ்பெற்ற பிட்சர்கள் ரோஜர் கிளெமன்ஸ், ஆண்டி பெட்டிட் இருவரும் ஹூஸ்டன் பக்கத்தில் சான் ஜசின்டோ ஜூனியர் காலேஜில் ஆடியவர்கள். இரண்டு வருடம் அங்கே தினமும் ஆடி, உடம்பு வளர்ந்தபின் பெரிய கல்லூரிக்கு மாறுகிறவர்கள் டெக்சஸில் ஏராளம்.

சரி, இப்போது செய்ய வேண்டிய வேலை. அவன் இருபது கல்லூரிகளின் பட்டியல் போடட்டும். அதில் ஒவ்வொன்றும், முதல் நாளே முழங்கால் பிசகி இனி ஆட முடியாது என்று ஆனாலும் அவன் சந்தோஷமாக நான்கு வருடம் படிக்கக்கூடிய இடமாக இருக்க வேண்டும். பிறகு வீடியோ. இரண்டு நிமிடம் போதும், பாட்டு வேண்டாம். இடப்பக்கம், வலப்பக்கம், நேராக வரும் தரைப் பந்துகள், டபுள் பிளே (ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட்டாக்குவது) திருப்புவது, அப்புறம் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் எடுத்த பேட்டிங். தவறவிட்ட பந்து ஒன்றிரண்டு அதில் இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் போனே போதும்.

அதை ஒவ்வொரு கல்லூரியிலும் ஆள் சேர்ப்பைக் கவனிக்கும் உதவி கோச்சுக்கு மெயிலில் அனுப்ப வேண்டும். மெயிலை மகன்தான் எழுத வேண்டும், நீங்கள் அல்ல. அம்மா எழுதிய மெயில் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும், நாங்கள் அதை மூடிவிடுவோம். பெயர், ஹைஸ்கூல் முடிக்கும் ஆண்டு, ஆடும் இடம், உயரம், எடை, ஜிபிஏ (மதிப்பெண் சராசரி), கோச்சுகளின் போன் எண், கோடையில் எந்தெந்த ஊரில் ஆட்டம், அந்தக் கல்லூரியை ஏன் பிடித்திருக்கிறது என்று உண்மையாக இரண்டு வரி. டிவிஷன் 1 கல்லூரிகள் இப்போது பதில் போட முடியாது, ஆனால் படிப்பார்கள். ஜனவரி கேம்ப் நடத்தும் கல்லூரிக்கும் இதே மெயிலை அனுப்பி, அவர்கள் இணையதளத்தில் உள்ள விவரப் படிவத்தையும் நிரப்பட்டும். அதற்குக் காசு இல்லை.

பதில்களில் எது உண்மையானது என்று கண்டுபிடிப்பது சுலபம். ‘வீடியோவில் மூன்றாவது தரைப் பந்தில் உன் கால் நகர்ந்த விதம் பிடித்தது’, ‘ஜூனில் ஹூஸ்டனில் நீ ஆடுவதைப் பார்க்க வருகிறேன்’, ‘மதிப்பெண் பட்டியலை அனுப்பு’, இப்படி அவனைத் தவிர வேறு யாருக்கும் எழுத முடியாத ஒரு வரி அதில் இருக்கும். அந்த வரி வந்த கல்லூரி கேம்ப்புக்குக் கூப்பிட்டால், கார் ஓட்டியோ விமானத்திலோ கட்டாயம் கூட்டிப் போங்கள். குளிர்காலத்தில் டிவிஷன் 1 கோச்சுகள் வெளியே போய் ஆட்டம் பார்க்க முடியாத காலம் ஒன்று உண்டு, பிப்ரவரி வரைக்கும் நீளும். அப்போது அவர்களுக்கும் பையனைப் பார்க்கக் கேம்ப்தான் வழி. பதினோராம் வகுப்பில், தெரிந்த பையனாக, அந்தக் குளிர்காலக் கேம்ப்புக்குப் போவதற்கு நானே டிக்கெட் எடுக்கச் சொல்வேன்.

உங்கள் மகன் மாதிரிப் பையன்களுக்கு இன்னொரு வகையும் பொருந்தும். ஹெட்ஃபர்ஸ்ட் ஹானர் ரோல் கேம்ப், ஸ்டான்ஃபோர்டில் கோடையில் நடப்பது போன்றவற்றில், படிப்புக்குப் பெயர் வாங்கிய பல கல்லூரிகளின் கோச்சுகள் ஒரே மைதானத்துக்கு வருகிறார்கள். செலவு அதிகம்தான். ஆனால் ஒரு பயணத்தில் பத்துப் பதினைந்து கோச்சுகள் பார்ப்பார்கள். பத்தாம் வகுப்பு முடிந்த கோடையோ அதற்கு அடுத்த கோடையோ போகலாம். எந்தக் கோச்சுகள் வருகிறார்கள் என்ற பட்டியலைப் பார்த்து, அவன் பட்டியலில் உள்ளவர்கள் ஐந்தாறு பேராவது இருந்தால் மட்டும் பணம் கட்டுங்கள். இங்கேயும் முன்கூட்டி எழுதிவிட்டுப் போவதுதான் முறை, அட்டையில் வட்டம் இங்கேயும் உண்டு.

மிச்சமாகும் பணத்தில் கொஞ்சத்தை நல்ல உடற்பயிற்சியாளரிடம் கொடுங்கள். பதினைந்து பதினாறு வயதில் காலும் இடுப்பும் வலுவானால் ஓட்ட நேரம், பேட் வேகம் எல்லாம் தானாக ஏறும். 60 கெஜத்தை ஏழு வினாடிக்குள் ஓடுகிறானா என்று மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். செகண்ட் பேஸ், ஷார்ட்ஸ்டாப் ஆடும் மிடில் இன்ஃபீல்டருக்கு எல்லோரும் முதலில் கேட்கும் எண் அதுதான். டிசம்பர், ஜனவரியில் கைக்கு ஓய்வு வேண்டும். தயாராகாத கையோடு குளிரில் போய் ரேடாருக்கு முன்னால் முழு பலத்தில் வீசித் தோளைக் கெடுத்துக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இந்த ஜனவரி வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த மெயிலை ராத்திரியில் படிக்கிற பிள்ளையிடம், அது இரண்டாயிரம் பேருக்குப் போனதாக இருக்கலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லும்போதே இருபது கல்லூரிப் பட்டியலையும் கையில் கொடுத்துவிடுங்கள். அன்றைக்கே உட்கார்ந்து எழுதத் தொடங்கட்டும். பட்டியலும் முதல் மெயிலின் வரைவும் தயாரானதும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன். அதையும் அவனே எழுதட்டும்.